மாதம் 210 வெள்ளிக்கு ஒரு பரண்

எங்கள் குடும்பம் 26 மாதங்களாக ஓர் அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஆள் யாரும் குடியில்லை. ஒரு ஆட்டுக்கல், ஒரு அம்மி, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு தேக்குக் கட்டில், நாற்பதுக்கும் மேல் அட்டைப்பெட்டிகள், அப்புறம் எங்கள் தாத்தாவின் கருவிப் பெட்டி. இவர்கள்தான் குடித்தனக்காரர்கள். ரொம்ப சாது. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. மாதம் பிறந்தால் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து வாடகை மட்டும் தானாகக் கழிந்துவிடும்.

மாதம் சராசரி 210 வெள்ளி. 26 மாதம். பெருக்கிப் பாருங்கள், 5,460 வெள்ளி!

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன், "பைத்தியமாடா நீங்க? எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருக்கலாமே" என்றான். பக்கத்தில் இருந்த தோழி கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. வெளிய சொல்றதில்ல" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். 2022 தொடக்கத்தில் தாத்தா காலமானார். ஈசூனில் 1980களில் கட்டிய நாலறை வீட்டில் அவரும் பாட்டியும் இருந்தார்கள். பாட்டியைத் தனியாக விட மனமில்லாமல் பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஈசூன் வீடு விற்பனைக்குப் போனது. விற்ற வீட்டைச் சொன்ன தேதியில் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். பழைய நாலறை வீடு 100 சதுர மீட்டருக்கு மேல். எங்களுடையது 90 சொச்சம். அதில் ஏற்கெனவே நாங்கள் நான்கு பேர். முப்பது வருடச் சாமான் எங்கே போகும்?

"மூணு மாசத்துக்கு ஒரு ரூம் எடுப்போம். அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அந்த மூன்று மாதம்தான் இருபத்தாறு ஆனது.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நாமே பூட்டி, நாமே சாவி வைத்துக்கொண்டு, மாத வாடகைக்குச் சாமான் வைக்கும் அறைகள் இன்றைய வடிவத்தில் 1960களில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பக்கம் ஆரம்பித்தன. உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான பப்ளிக் ஸ்டோரேஜ் 1972இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் மட்டும் இப்படி 50,000க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. பெரிய பெரிய வீடு, கார் நிறுத்தும் கொட்டகை, தோட்டம் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கே இடம் போதவில்லை என்றால், அடுக்குமாடியில் குடியிருக்கும் நாம் எம்மாத்திரம்?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் வருவதற்கு நான்கு காரணங்கள் சொல்வார்கள். மரணம், மணமுறிவு, இடமாற்றம், சின்ன வீட்டுக்குப் போவது. ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் ஆரம்பிப்பதால் மனப்பாடம் செய்ய வசதி. எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று காரணங்கள்.

சிங்கப்பூரில் இது ஏன் ஓடுகிறது என்று விளக்கவே தேவையில்லை. நம்மில் பெரும்பாலானோர் வீவக வீட்டில் இருக்கிறோம். நமக்குப் பரண் கிடையாது, மொட்டை மாடி கிடையாது, கொல்லைப்புறம் கிடையாது. வாசலுக்கு வெளியே வைக்கலாம் என்றால் பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று தீயணைப்பு விதி. விதி சரிதான், தீப்பிடித்தால் ஸ்ட்ரெச்சர் போக வேண்டாமா? மிச்சமிருப்பது வீட்டுக்குள்ளே இருக்கும் பாதுகாப்பறை. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் தடித்த சுவர், இரும்புக் கதவோடு ஒரு குட்டி அறை இருக்குமே, அதுதான். குண்டு விழுந்தால் குடும்பம் ஒளிந்துகொள்ளக் கட்டியது. எங்கள் வீட்டில் குண்டு விழுந்தால் தீபாவளி மின்விளக்குகள், பழைய சூட்கேஸ்கள், அம்மாவின் இட்லிக் குண்டான், 10 கிலோ அரிசி மூட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கும். நாங்கள் வெளியேதான் நிற்க வேண்டும் :-)

ஆகவே அப்பா ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் 40 சதுர அடி அறை எடுத்தார். நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. உள்ளே சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் பொருள் கூடாது, உயிருள்ள எதுவும் கூடாது. முதல் மூன்று மாதம் சலுகை விலை. அப்புறம் முழு விலை. அப்புறம் கொஞ்சம் ஏற்றம். நடுவில் ஜிஎஸ்டியும் 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியது. மாதாமாதம் பார்த்தால் ஒரு குடும்பம் வெளியே இரண்டு தடவை சாப்பிடும் காசு. அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. இதுதான் இதில் இருக்கும் சூட்சுமம். 5,460 வெள்ளியை ஒரே நாளில் கேட்டிருந்தால் அப்பா அன்றைக்கே ஆட்டுக்கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருப்பார்.

சரி, அப்படியானால் நண்பன் சொன்னது சரியா? எல்லாவற்றையும் அன்றே தூக்கிப் போட்டிருக்கலாமா?

இல்லை என்பதுதான் என் கட்சி.

சாவு விழுந்த வீட்டைக் காலி செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சட்டையை மடிப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். சாவி கொடுக்கும் தேதியோ ஓடி வந்துகொண்டிருக்கும். அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவுகள் பாதி தப்பாகத்தான் இருக்கும். காலி செய்த அன்று கராங்குனிக்காரர் வந்து பழைய பேப்பர்க் கட்டுகளைத் தூக்கினார். ஒரு கட்டுக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஏதோ நழுவி விழுந்தது. தாத்தாவின் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய ஏரோகிராம் கடிதங்கள், பதினேழு. நல்லவேளை, அத்தை பார்த்தார். பார்க்காமல் விட்டிருந்தால் அவையும் பழைய பேப்பரோடு கிலோக் கணக்கில் போயிருக்கும். அந்த நாளில் "எதையும் தொடாதீங்க, மொத்தமா ரூமுக்கு ஏத்துங்க" என்று அப்பா சொன்னது சரியான முடிவு. அதற்கு மூன்று மாத வாடகை கொடுத்தது வீண் செலவே இல்லை.

அதேபோல வீடு மாறுகிறவர்கள், புது வீட்டின் சாவி கைக்கு வருவதற்குள் பழைய வீட்டைக் கொடுக்க வேண்டியவர்கள், வீட்டைப் புதுப்பிக்கும்போது தூசியிலிருந்து சோபாவைக் காப்பாற்ற நினைப்பவர்கள், ஆறு மாதம் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்கள், இவர்களுக்கெல்லாம் இது நல்ல ஏற்பாடு. காரணம், அவர்களுடைய தேவைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது.

எங்களுக்கு அது இல்லை. இருந்தது, நாங்கள் மதிக்கவில்லை.

ஒவ்வொரு விடுமுறைக்கும் "இந்த லீவுல போயிடுவோம்" என்போம். போக மாட்டோம். நேரம் இல்லை என்பது சாக்கு. உண்மை என்னவென்றால், கதவைத் திறந்தால் யாராவது ஒருவர் "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை முதலில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அப்பா சொன்னால் அத்தை வருத்தப்படுவார். அம்மா சொன்னால் மருமகள் சொன்னதாகிவிடும். பாட்டி காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று எல்லோருக்கும் பயம். ஆக, மாதம் 210 வெள்ளிக்கு நாங்கள் வாங்கியது இடம் மட்டும் இல்லை. பேசாமல் இருக்கும் வசதியையும் சேர்த்து வாங்கினோம்.

அமெரிக்காவில் விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி. பணக்கார வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு நேரத்தில் நியூயார்க், சிகாகோ தெருக்களில் படம் எடுத்துத் தள்ளினார், ஒரு லட்சத்துக்கும் மேல். யாரிடமும் காட்டவில்லை. பல சுருள்களைக் கழுவிப் பார்க்கவே இல்லை. எல்லாம் வாடகை அறைகளில் கிடந்தன. வயதான காலத்தில் வாடகை கட்ட முடியவில்லை. 2007இல் அந்தப் பெட்டிகள் ஏலத்தில் போயின. 2009இல் அவர் இறந்துபோனார். அந்தப் படங்களால் உலகப் புகழ் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். வாடகை பாக்கியானால் பூட்டை உடைத்து ஏலம் விடுவது அங்கே சகஜம். அதை வைத்து 2010இலிருந்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியே ஓடியது. படங்கள் பிழைத்ததே என்று சந்தோஷப்படலாம். எனக்கு அந்தப் பெட்டிகள் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்த வருடங்கள்தான் மனதில் நிற்கின்றன.

எங்களுக்கும் ஒரு சின்ன விவியன் மேயர் கதை உண்டு. ஆனால் முடிவு அவ்வளவு நல்லதில்லை.

2024 ஜூலையில் ஒருவழியாகப் போனோம். பாட்டியும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். கதவைத் திறந்ததும் ஒரு முக்கல் வாடை. காசு மிச்சம் பிடிக்க நாங்கள் குளிர்சாதனம் இல்லாத அறையை எடுத்திருந்தோம். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு வருடம்! அட்டைப்பெட்டிகளின் அடிப்பக்கம் பூத்துப் போயிருந்தது. ஒரு பெட்டியில் அப்பா, அத்தையின் சின்ன வயசு ஆல்பங்கள். பிளாஸ்டிக் தாளும் படமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகத்தோடு உரிந்து வந்தது. நான்கு ஆல்பத்தில் ஒன்றரை தேறியது. பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்ததுதான் போனது. வீட்டில் சோபாவுக்கு அடியில் கிடந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்பா அந்த ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

பாட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினோம்.

"கட்டிலா? வேணாம். அலமாரி துருப்பிடிச்சிருக்கு, போடு. ஆட்டுக்கல்லா? அய்யய்யோ, அதுல மாவாட்டி மாவாட்டி எனக்குத் தோள்பட்டையே போச்சு. இதையெல்லாம் எதுக்குய்யா வச்சிருக்கீங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். 26 மாதம் தள்ளிப் போட்ட வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பாட்டி தனக்கென்று எடுத்துக்கொண்டது மூன்றே பொருள்கள். தாத்தா வேலைக்கு எடுத்துப் போன எனாமல் தூக்குச்சட்டி, அவருடைய மூக்குக் கண்ணாடி, அந்த ஏரோகிராம் கட்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஜோகூரில் இருக்கும் அத்தை வீட்டுத் தோட்டத்துக்கு. உடுப்புகள், பாத்திரங்கள் நன்கொடைக்கு. சிலவற்றைக் கரோசலில் போட்டோம். எல்லாம் சேர்த்து 180 வெள்ளி வந்தது. ஒரு மாத வாடகைக்குக்கூட வரவில்லை! கருவிப் பெட்டி எனக்கு. செம்பவாங் கப்பல் பட்டறையில் தாத்தா உழைத்த காலத்தது. பெட்டி மூடியின் உள்பக்கம் அவர் கையெழுத்தில் ஒவ்வொரு ஸ்பானரின் அளவும் எழுதியிருக்கிறது.

காரில் வரும்போது பாட்டி கேட்டார், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே, தம்பி?"

அன்றைக்கே சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். 2022இல் அவர் யாரோடும் சரியாகப் பேசவே இல்லை. ஆனால் மூன்றாவது மாதம் கேட்டிருக்கலாம். ஆறாவது மாதம் நிச்சயமாகக் கேட்டிருக்கலாம். அவர் மனம் நோகக் கூடாது என்று நாங்கள் நினைத்தோம். அவருடைய சாமானைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லோரும் கவலைப்பட்டோம்.

தூக்கிப் போடு என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போடுவது என்றால் எங்கே போடுவது? நம்முடைய ஒரே குப்பை நிரப்பிடம் செமக்காவ் தீவு. அது 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. வீட்டை ஒதுங்க வைக்கிறேன் என்று மூட்டை மூட்டையாகக் குப்பைக் குழாயில் தள்ளுவதும் ஒரு வகையில் இன்னொரு அறைக்கு மாற்றுவதுதான். அந்த அறைக்கு வாடகை நம் பிள்ளைகள் கட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்றாலே சாமான் வைக்கும் கிடங்குதான். ஆனால் அங்கே மனிதர்கள் தங்கினார்கள். ஒருவருக்குத் தரையில் ஒரு இடம், ஒரு மரப்பெட்டி, ஒரு சின்ன மேசை. பகலில் அங்கேதான் வட்டித்தொழில், இரவில் அங்கேதான் படுக்கை. கிடங்கில் மனிதன் குடியிருந்தான், அவனுடைய சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. இப்போது நாம் வீட்டில் இருக்கிறோம், சாமானுக்குத் தனி வீடு. அவர்களைப் போல வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை, என்னால் முடியாது. என் காலணிகளுக்கே ஒரு பெட்டி போதாது.

அனுபவத்தில் சொல்கிறேன். அறை எடுங்கள், தப்பில்லை. ஆனால் எடுக்கும் அன்றே காலி செய்யும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். மொத்தச் சாமானையும் விற்றால் என்ன விலை வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, வாடகை அதைத் தாண்டும் மாதத்தைக் குறித்து வையுங்கள். படம், கடிதம், துணி இருந்தால் குளிர்சாதன அறை எடுங்கள். இல்லாவிட்டால் அவற்றை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், சாமான் யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பூட்டிய அறை இருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

பி.கு: மிச்சமாகும் 210 வெள்ளியில் எனக்குப் புது மடிக்கணினி வாங்கித் தரலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "முதல்ல உன் ரூம்ல இருக்கற பழசை எல்லாம் ஒழிச்சுட்டு வா" என்றார். மூன்று மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன் :-)