கூரையும் ஒரு குட்டிச் சூரியன்

2020-ல் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானியைப் பலர் பயத்துடன்தான் பார்த்தார்கள். அதிலிருந்து ஏதோ கதிர் பாய்ந்து மூளையைக் கெடுத்துவிடும் என்று ஒரு வதந்தி. உண்மை நேர் எதிர். கதிரை வீசியது நெற்றி. கருவி அதை வாங்கி அளந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பயத்தில் எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பங்குண்டு. 'கதிர்வீச்சு' என்று எழுதியதுமே வாசகருக்கு அணு உலை ஞாபகம் வருகிறது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானை, சுவர், நாற்காலி, ஏன், பனிக்கட்டியும்கூட ஓயாமல் கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் என்பதால் அதன் கதிரில் கணிசமான பகுதி நம் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவை வீசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அளவும் வேறு. மைனஸ் 273 டிகிரியைச் சுழியமாக வைத்துக் கணக்கிட்டால், வெப்பநிலை இரு மடங்காகும்போது வீசும் ஆற்றல் 16 மடங்காகிறது. 1879-ல் ஸ்டெஃபான் கண்டுபிடித்த விதி இது.

இதை வைத்து ஒரு காலத்தில் அலகாபாத்தில் (2018 முதல் பிரயாக்ராஜ்) ஐஸ் தயாரித்தார்கள். விதி தெரியாமலேதான். 1775-ல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அதை விவரித்திருக்கிறார். திறந்த வெளியில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம். அதில் கரும்புச் சக்கையோ சோளத் தட்டையோ பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண் தட்டுகள். அந்தி சாயும்போது கொதிக்க வைத்து ஆறிய நீரை அவற்றில் ஊற்றுவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, விடிவதற்குள் ஐஸ் தயார். இத்தனைக்கும் அந்த ஊர்க் குளம் குட்டைகளில் பனி உறைவதில்லை.

நீர் ஆவியாவதால்தான் குளிர்கிறது என்று பலர் நினைத்தார்கள். 1814-ல் பனித்துளி பற்றி நூல் எழுதிய வில்லியம் வெல்ஸ் மறுத்தார். ஆவியாதல்தான் காரணமென்றால் காற்றடிக்கும் இரவில் அல்லவா அதிக ஐஸ் கிடைக்க வேண்டும்? கிடைத்ததோ காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில். தட்டிலிருந்த நீர் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசியது. தெளிந்த வானம் திருப்பித் தந்தது குறைவு. அடியில் இருந்த சக்கை, தரையின் சூடு ஏறாமல் தடுத்தது.

அதே கணக்கு இன்று கோடைப் பகலில் ஏழையின் தலைக்கு மேல் எதிர்த்திசையில் நடக்கிறது. வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 27 டிகிரியில் உள்ள கூரையைவிட ஒன்றரை மடங்கு ஆற்றலைக் கீழே இருப்பவர்மேல் வீசுகிறது. மின்விசிறி காற்றைத்தான் தள்ளும், கதிரைத் தள்ளாது. 2010 மே மாத வெப்ப அலையின்போது ஆமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் அந்நகரம் வெப்பச் செயல் திட்டம் கொண்டுவந்தது. கூரைக்கு வெள்ளையடிப்பதும் பின்னர் அதில் சேர்ந்தது.

வெள்ளை என்றால் வெயிலைத் திருப்பியனுப்புவது மட்டுமல்ல. பளபளக்கும் தகரமும் அதைச் செய்யும். ஆனால் தன் சூட்டை வானத்துக்குக் கொடுப்பதில் தகரம் மகா கஞ்சன். சுண்ணாம்பு தாராளம்: வெயிலுக்கு வெள்ளை, அகச்சிவப்புக்குக் கறுப்பு.

2023-ல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம். தனி வீடுகளில், மனை 600 சதுர கஜமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். அதற்குக் கீழே விருப்பம்போல். 600 கஜ மனைக்காரர் வீட்டில் ஏசி இருக்கும். வெள்ளையடிப்பது அவருக்கு மின்கட்டணச் சிக்கனம். ஒற்றை அறையில் ஷீட் கூரைக்கடியில் படுத்திருப்பவருக்கோ உயிர்ப் பிரச்சினை. அடித்தவர்களும் சும்மா இருக்க முடியாது. தூசு படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தெருவில் கூரைக்கு எத்தனை குடம் ஒதுக்க முடியும் என்பது தனிக் கணக்கு.