கலத்தைக் கைவிடாமை

பாய்மரப் படகோட்டுதலைச் செல்வர்தம் பொழுதுபோக்கு என்று எளிதாகக் கருதுவோர் உளர். 1979 ஆகஸ்ட் 11ஆம் நாள், இங்கிலாந்தின் கவ்ஸ் துறையிலிருந்து 303 பாய்மரப் படகுகள் போட்டிக்குப் புறப்பட்டன. அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்புவது இலக்கு. 13ஆம் நாள் இரவு கடும்புயல் தாக்கியது. போட்டியாளருள் 15 பேர் மாண்டனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. ஆனால் அவற்றுள் மூழ்கியவை ஐந்தே!

இவ்வெண்ணிக்கையை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பங்களை நம்பிச் சென்றோருள் எழுவர் உயிரிழந்தனர். அவர்கள் விட்டு நீங்கிய கலங்களோ பின்னர் மிதந்த நிலையில் காணப்பெற்றுக் கரைசேர்க்கப்பட்டன. ஆதலின், கலம் அமிழ்ந்து, தெப்பத்திற்கு மேல்நோக்கி ஏறவேண்டிய நிலை வந்தாலன்றி அதனை நீங்கலாகாது என்று இன்று படகோட்டிகளுக்குக் கற்பிக்கின்றனர்.

இழப்பினை விதியென்று சொல்லி அமைவோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனைச் சார்ந்திருக்கக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிவந்தோர்க்கு அது பொருந்தாது. காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்குதலும், மேல்தளத்தில் நிற்போரைக் கச்சையும் கயிறும் கொண்டு கலத்தோடு பிணைத்தலும், வானிலை அறிந்து வேண்டுமாயின் பயணத்தையே தள்ளிவைத்தலும் மீகாமன் கடன். (மீகாமன் என்னும் அழகிய சொல்லை நாம் கேப்டனுக்குப் பறிகொடுத்துவிட்டோம்!) கருவிகளைத் தருவது போட்டி நடத்துவோர், பங்கேற்போர் இருசாராரின் பொறுப்பு. அன்று எல்லாப் படகுகளிலும் செய்தி அனுப்பும் வானொலி இல்லை. அப்பேரிழப்பிற்குப் பின்னரே அது கட்டாயமாயிற்று.