கொல்லர் வீட்டுப் பெயர்

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு இரும்படிக்கும் சத்தம் புதிதில்லை. அந்தத் தொழிலே ஜெர்மனியில் ஒரு குடும்பப் பெயர்: ஷ்மிட். நம்மூர்க் கணக்கில் 'கொல்லர்'. பக்கத்து டென்மார்க், நெதர்லாந்திலும் இந்தப் பெயர் உண்டு.

ஹெல்முட் ஷ்மிட், 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியை ஆண்டவர். மார்ட்டன் ஷ்மிட், குவாசர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை 1963-ல் கண்டுசொன்ன வானியலாளர். பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று கண்டறிந்து, 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பிரையன் ஷ்மிட்.

சென்னைக்கும் ஒரு ஷ்மிட் இருக்கிறார். பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, டென்மார்க்காரரான கே.ஏ.ஜே. ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கியவர் உயிரோடு கரை திரும்பவில்லை. பதவி இல்லை, பரிசு இல்லை. அந்த ஒரு நாள்தான் அவர் வரலாறு.

2015 வெள்ளத்தில் படகோடு வந்து ஊரைக் காப்பாற்றினார்களே நம் மீனவர்கள், அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அடுத்த முறை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால், பெயரையும் கேட்டுவிட்டு வாருங்கள்.