பயனற்ற உறுப்பா குடல்வால்?

நம் உடம்பில் எதற்கும் உதவாத உறுப்பு எது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகூட "அப்பெண்டிக்ஸ்" என்று சொல்லிவிடும். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படியே நம்பினேன். அந்த அலட்சியத்துக்கு 1994-இல் நான் கொடுக்க இருந்த விலை என் மகனின் உயிர். நான் மருத்துவன் அல்லன், ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும், "பயனற்றது" என்ற அந்தச் சொல்லை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மும்பையிலிருந்து புனே செல்லும் அன்பர்கள் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே உள்ள போர் காட் மலைப்பாதையைப் பார்த்திருப்பீர்கள். 37 அடிக்கு ஓர் அடி என்ற கடும் சரிவு. அங்கே பிரதான தடத்திலிருந்து பிரிந்து, மேட்டில் ஏறி, எங்கும் போகாமல் முடிந்துவிடும் குட்டித் தடங்கள் உண்டு. 'கேட்ச் சைடிங்' என்று பெயர். தண்டவாளம் துருப்பிடித்திருக்கும்; ஜல்லியில் புல் முளைத்திருக்கும். "இதை எதற்குப் பராமரிக்க வேண்டும்?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கேட்டிருக்கிறேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டியை உள்ளே வாங்கி நிறுத்துவதற்காகவே அது இருக்கிறது என்று மூத்தவர் ஒருவர் விளக்கினார். அதன் மீது வண்டி ஏறாத நாளெல்லாம் நல்ல நாள்!

குடல்வாலும் இத்தகைய முட்டுத்தடம்தான். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அடிவயிற்றின் வலப்பக்கத்தில் புழுவைப் போலத் தொங்குகிறது. ஒரு முனையில் மட்டுமே வாய்; மறுமுனை மூடியது. சராசரி நீளம் 8 அல்லது 9 செ.மீ. 2006-இல் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில், இறந்த ஒருவரின் உடலில் 26 செ.மீ. நீளக் குடல்வால் இருந்ததாகப் பதிவு உண்டு.

முன்னோரிடமிருந்து மிஞ்சி நிற்கும் எச்ச உறுப்பு என்று டார்வின் 1871-இல் எழுதினார். அந்தக் கருத்தே நம் பாடப் புத்தகங்கள் வரை வந்துவிட்டது. ஆனால் நோய் எதிர்ப்புக்குரிய நிணநீர்த் திசு இதன் சுவரில் நிறைய இருக்கிறது. கடும் பேதியில் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அடித்துச் செல்லப்பட்டால், மீண்டும் பெருகுவதற்கான கிருமிகளை இது சேமித்து வைத்திருக்கலாம் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் கூறினர். இது முடிந்த முடிவன்று. குடல்வாலை எடுத்துவிட்டவர்களும் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆயினும், அன்றாடம் தேவைப்படாதது வேறு, பயனற்றது வேறு அல்லவா?

என் கதைக்கு வருகிறேன். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அரையாண்டுப் பரீட்சை நேரம். இரவில் தொப்புளைச் சுற்றி வலி என்றான். சோறு வேண்டாம் என்றான். ஒருமுறை வாந்தி எடுத்தான். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வலி வலப்பக்கம் கீழே இறங்கியது. "ஏங்க, பிள்ளை குனிஞ்சே நடக்குறான், டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றாள் என் மனைவி. நானோ, "எல்லாம் வாயுதான்" என்று விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றிரவு "அப்பா, வலி போயிடுச்சு" என்றான். என் வைத்தியம் பலித்துவிட்டதென்று பெருமைப்பட்டேன்.

விடிந்தபோது அனலாய்க் காய்ச்சல். வயிறு பலகை போல் இறுகிக் கிடந்தது. அறுவை முடிந்து வந்த மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. வலி போகவில்லை, குடல்வால் வெடித்திருந்தது. அடைப்பால் உள்ளே ஏறிய அழுத்தம், வெடித்ததும் இறங்கிவிடும். அதனால் வரும் சிறு நிம்மதி அது. பிறகு சீழ் வயிறு முழுதும் பரவுகிறது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிள்ளை பிழைத்தான். தவறு முழுக்க என்னுடையது. வயிற்றுவலிக்குக் காரணம் தெரியாமல் பேதி மருந்து கொடுக்கவே கூடாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடம். "பேட் மே தர்த்" என்பதோடு நம் இந்தி நின்றுவிடுகிறது. வலி எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது என்பது மருத்துவருக்கு முக்கியமான தடயம். தொப்புளுக்கும் வலப்பக்க இடுப்பெலும்பின் முனைக்கும் நடுவே ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில்தான் பெரும்பாலும் வலி மிகும் என்று 1889-இல் மக்பர்னி என்ற அறுவை மருத்துவர் எழுதினார். ஆகவே, "பஹலே நாபி கே பாஸ், பாத் மே தாஹினீ தரஃப் நீச்சே" என்ற ஒரு வாக்கியத்தையாவது வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் பழகிக்கொள்ளட்டும்.

எல்லோருக்கும் இதே அடையாளம் இருக்காது. கர்ப்பிணிகளுக்கு வலி இடம் மாறலாம். முதியவர்களுக்கு வலியே குறைவாகத் தெரியலாம். உறுப்புகள் இடம் வலம் மாறிப் பிறந்த அபூர்வமான சிலருக்கு இடப்பக்கமே வலிக்கும்.

அறுவை செய்து எடுத்த பிறகும் ஒரு கடமை உண்டு. குடல்வாலில் மிக அரிதாகப் புற்றுநோயும் தோன்றும். சில கட்டிகள் கசியவிடும் கூழ் போன்ற பொருள் வயிறு முழுதும் நிறைந்துவிடும். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கே வரும் நோய் இது. நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993-இல் இறந்தது குடல்வாலில் தொடங்கிய புற்றுநோயால்தான். எனவே, எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைத் தவறாமல் வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெடிக்காத நிலையில் சிலருக்கு மருந்தாலேயே குணப்படுத்தலாம் என்று இப்போது சொல்கிறார்கள். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அப்படி மருந்து பெற்றவர்களில் பத்துக்கு மூவருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. எது பொருத்தம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விளக்கெண்ணெய்ப் புட்டி அல்ல.

இப்போது என் பேரனுக்கு ஒன்பது வயது. அவன் வயிறு வலிக்கிறது என்றால் அன்று பரீட்சையா என்று நான் கேட்பதில்லை. வலி எங்கே என்றுதான் கேட்கிறேன்.