நடுவில் இருவர்!

வேங்கிக்காலில் மாலை வேளையில் பந்தாடும் இளைஞர்களைக் கேளுங்கள், எந்த இடத்தில் ஆட விருப்பம் என்று. "முன்வரிசையில்!" என்பார்கள் பெரும்பாலோர். வியப்பில்லை. கோல் போடுகிறவனுக்குத்தானே மாலை! நடுவில் நின்று ஆட்டம் முழுதும் ஓடுகிறவனுக்கு?

1962, செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதிப் போட்டி. இந்தியா 2, தென் கொரியா 1. தங்கம் நமக்கு! பயிற்சியாளர் ஐதராபாத் ரகீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் வகுத்த அணிவகுப்பு நான்கு-இரண்டு-நான்கு. பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர்.

இதன் வலிமை என்ன? தாக்கும்போது முன்வரிசை நால்வரோடு நடுவர் இருவரும் சேர, ஆறு பேர் பாய்கிறார்கள். காக்கும்போது பின்வரிசை நால்வரோடு அதே இருவர் சேர, ஆறு பேர் அரணாகிறார்கள்.

பலவீனம்? 'அதே இருவர்' என்றோமே, அங்கேதான் இருக்கிறது! தாக்கவும் அவர்களே, காக்கவும் அவர்களே. எதிரணி நடுவில் மூவரை நிறுத்தினால் இருவர் திணறுவர். அவர்கள் களைத்தால் அணி இரண்டு துண்டு! 1958-இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் இதை அறிந்திருந்தது. முன்வரிசைச் சகாலோ பின்னே இறங்கி, நடுவில் மூன்றாம் ஆளாக உழைத்தார்.

ரகீமும் வகுத்ததே முடிவு என்றிருந்தவரல்லர். அதே ஜகார்த்தாவில், முதற்சுற்றில் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது நம் அணி. பின்னர், தலையில் காயம்பட்ட பின்வரிசை வீரர் ஜர்னெயில் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரகீம். இறுதிப் போட்டியின் இரண்டாவது கோல் ஜர்னெயில் போட்டது! அணிவகுப்பு என்ன வேதவாக்கா, மாற்றாமலிருக்க?

சுனி கோஸ்வாமியை நாடறியும். முதல் கோல் போட்ட பி. கே. பானர்ஜியை நாடறியும். கோல் காத்த பீட்டர் தங்கராஜைத் தமிழகம் அறியும். நடுவில் உழைத்த பிராங்கோவையும் பிரசாந்த சின்காவையும் அறிந்தவர் எத்தனை பேர்?

தோழர்களே! கட்சியும் ஓர் அணிதான். மேடையில் முழங்குவோர் முன்வரிசை. சுவரொட்டி ஒட்டி, வீடு வீடாக ஏறி இறங்கி, வேலை முடிந்த களைப்போடு கிளைக் கூட்டத்துக்கு வருகிறானே, அவன்தான் நடுவரிசை. வெற்றி வந்தால் அவன் பெயர் இல்லை. தோல்வி வந்தால் பழி மட்டும் அவனுக்கு! இது நியாயமா?

அவனுக்கு மாலை வேண்டாம். துணை வேண்டும். முன்வரிசையினரே, சகாலோ இறங்கியதுபோல் நீங்களும் இறங்கி வாருங்கள்! நடு தளர்ந்தால், முன்னே எத்தனை பேர் நின்றும் பயனில்லை.