பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

விமானச் சீட்டு, தங்கும் விடுதி, பயணக் காப்புறுதி. முன்பு மூன்று இடங்களில் ஏறி இறங்கிய வேலை, இன்று ஒரே இணையத்தளத்தில் சில நிமிடங்களில் முடிகிறது. பணமும் ஒரே தடவையில் கட்டிவிடலாம்.

நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு கடைதான். அதற்குப் பின்னால் இருப்பவை பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி முறை. நாம் ஒருமுறை நிரப்பும் விவரங்களைத் தளம் எல்லாருக்கும் பிரித்து அனுப்புகிறது. நம்மவர்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மலேசியத் தமிழர் பலரின் அடையாள அட்டையில், சொந்தப் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதன் சுருக்கம். மகன், மகள் என்று பொருள். விமான முன்பதிவு முறையிலோ அந்தச் சாய்கோடு, குடும்பப் பெயரையும் முதற்பெயரையும் பிரிக்கும் குறி. ஆகவே பெயருக்குள் அதற்கு இடமில்லை. சில படிவங்கள் எழுத்துகளை மட்டுமே ஏற்கும். கோட்டைப் போட்டால் ‘பெயர் செல்லாது’ என்று சிவப்பில் காட்டும். போதாக்குறைக்கு, குடும்பப் பெயர் வழக்கமே இல்லாத நம்மிடம் அதைக் கட்டாயம் நிரப்பச் சொல்லும். கடைசியில் ஒரே மனிதருக்கு மூன்று பெயர்.

அண்மையில் நிகழ்ச்சிக்கு அழைத்த நேயர் ஒருவர், இதில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். பயணத்தில் அவருடைய அப்பாவின் பெட்டி தொலைந்துவிட்டது. இழப்பீடு கேட்டால், சீட்டில் உள்ள பெயரும் காப்புறுதியில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தி வைத்தார்களாம். காப்புறுதிக்காரர் முன்பதிவுத் தளத்தைக் கேட்கச் சொல்ல, தளம் விமான நிறுவனத்தைக் கைகாட்டியிருக்கிறது. “காசு வாங்கும்போது ஒரே கடையா இருந்தாங்க. இப்போ கேட்டா மூனு கடைன்னு சொல்றாங்க,” என்றார்.

சேவைகளை இணைப்பதில் கடினமான பகுதி இதுதான். தகவலை அனுப்பிவிடுவது எளிது. ‘பெயர்’ என்றால் என்ன என்பதில் எல்லாரும் உடன்பட வேண்டும். ஆளை அடையாளம் காண எண் இருக்கிறது: உள்நாட்டில் 12 இலக்க அடையாள அட்டை எண், வெளிநாட்டுப் பயணத்தில் கடப்பிதழ் எண். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதைவிட எண்ணை முதலில் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்கு, பணம் வாங்கிய தளமே முதலில் பதில் சொல்ல வேண்டும். யாரிடம் திருத்த வேண்டுமோ அவரிடம் அதுவே பேசட்டும்.

நமக்கும் ஒரு பிடி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நிறுவனங்கள் வைத்திருக்கும் நம் விவரம் தவறாக இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை உண்டு. அடுத்த முறை முன்பதிவு செய்ததும், வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் திறந்து பெயரைக் கடப்பிதழோடு வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு முன்பதிவு செய்து தரும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம். விமான நிலைய முகப்பில் நின்று விளக்கம் சொல்லப்போவது அவர்கள்தான்.