கடலுக்குத் தந்ததை மலைக்கும் தர வேண்டும்

2024 ஜூன் 3 அன்று, உத்தராகண்டின் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்று திரும்பிய 22 பேர் கொண்ட மலையேற்றக் குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த அந்தக் குழுவில் 9 பேர் இறந்தார்கள். 4,000 மீட்டருக்கும் மேலான அந்த உயரத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. யாராவது கீழே இறங்கி வந்து சொன்னால்தான் செய்தி வெளியே தெரியும். விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஜூன் 5 அன்றுதான் மேலே போக முடிந்தது.

இத்தகைய இடங்களுக்கென்றே உள்ளங்கையில் அடங்கும், நூறு கிராம் எடையுள்ள ஒரு கருவி உலகெங்கும் விற்கிறது. சுமார் 780 கி.மீ. உயரத்தில் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக, இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறுஞ்செய்தி அனுப்பும், பதிலும் வரும். தலைக்கு மேல் திறந்த வானம் இருந்தால் போதும். இந்தியாவிலோ உரிமம் இல்லாமல் இதைப் பையில் வைத்திருப்பதே குற்றம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டத்தையும் காட்டி, வெளிநாட்டு மலையேறிகளை விமான நிலையங்களிலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

தடைக்குச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள். செய்திகள் வெளிநாட்டு நிலையங்கள் வழியாகப் போனால், நம் புலனாய்வு அமைப்புகளால் கண்காணிக்க முடியாது என்பதும் நியாயமான கவலையே. ஆனால் மும்பைக்கு வந்தவர்கள் சுங்கச் சோதனையைக் கடந்து வரவில்லை, படகில் வந்து இறங்கினார்கள். உரிமம் கேட்டு வரிசையில் நிற்பவரை மடக்குவதால் அப்படிப்பட்டவர்கள் தடுக்கப்படுவதில்லை. தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவியைத் தன் பெயரில் பதிவு செய்து எடுத்துச் செல்பவரைக் கண்காணிப்பதும் கடினமல்ல.

இந்தக் கவலைக்கு அரசே கடலில் விடை கண்டிருக்கிறது. 2017 ஒக்கி புயலின்போது, ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த கன்னியாகுமரி மீனவர்களில் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையிலிருந்து அவர்களை எட்டும் வழி எதுவும் இருக்கவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு, இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் வந்தது. பிரதமர் 2024 ஆகஸ்டில் அதைத் தொடங்கிவைத்தார். படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் குறுஞ்செய்தி போகும். ஆபத்தில் உதவி கேட்கலாம். செயற்கைக்கோள் நம்முடையது, செய்தி வந்து சேரும் நிலையமும் நம்முடையது. இதே ஏற்பாட்டைத் தோளில் சுமக்கும் அளவுக்குச் சுருக்கி மலைக்குக் கொடுப்பதில் பாதுகாப்புச் சிக்கல் என்ன இருக்கிறது?

கையில் கருவி இருந்தால் அசட்டுத் துணிச்சல் வரும் என்பார்கள் சிலர். சிலருக்கு வரலாம். ஆனால் சஹஸ்ர தால் போன்ற பாதைகளில் போகிறவர்களில் பெரும்பாலோர் வழிகாட்டியோடு, முறையாக அனுமதி பெற்றுப் போகிறவர்கள். அவர்களைப் பலிகொள்வது வானிலையும் தாமதமும். கருவி புயலை நிறுத்தாது; ஹெலிகாப்டர் எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதை முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடும். குளிரில் உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் ஒருவருக்கு அந்த நேரம்தான் உயிர்.

ஆகவே, மலையேற்ற அனுமதிச் சீட்டு வழங்கும் வனத்துறை அலுவலகத்திலேயே, அடையாள அட்டையைப் பதிவு செய்துகொண்டு, குழுவுக்கு ஒரு கருவியை வாடகைக்குத் தரட்டும். அதன் அழைப்பு நேராக மாநிலப் பேரிடர் மீட்புப் படைக்குப் போகட்டும். அந்த ஏற்பாடு வரும்வரை, வெளிநாட்டவர் கொண்டுவரும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறை குறுகிய கால உரிமம் வழங்க வேண்டும். அதைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பெற வழி இருக்க வேண்டும்.